தீராத வாரண்டு

கோர்ட்டுக்கு வராதவனை வரவழைப்பதற்காக ஏற்பட்ட உத்தரவே, அவன் கோர்ட்டின் வாயிற்படியை மிதிக்க அஞ்சும்படி செய்துவிடுமானால், அந்த உத்தரவினால் யாருக்கு என்ன பயன்? அமெரிக்காவின் நாட்டுப்புறக் கவுண்டிகளில் வருஷக்கணக்காகத் தீராமல் கிடக்கும் ‘பெஞ்ச் வாரண்டு’களைப் பற்றி யோசிக்குங்கால் முதலில் எழும் கேள்வி இதுவே.

கவுண்டி என்பது அமெரிக்க ராஜ்யங்களின் உட்பிரிவு. நாடு முழுவதிலும் இத்தகைய பிரிவுகள் 3,000-க்கு மேல் உள்ளன. நாட்டுப்புறக் கவுண்டியில் சாதாரணமாக ஒரு கோர்ட்டுக் கட்டடமும், ஒரு ஷெரீப்பும், ஒரு சிறு சிறைச்சாலையும் இருக்கும். குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவனைப் பிடிக்கப் போலீஸார் கேட்டு வாங்கும் வாரண்டு ஒரு வகை. நாம் பேசுவது அதுவன்று. வாய்தா நாளில் ஆஜராகாதவனையும், அபராதத் தவணையைக் கட்டத் தவறியவனையும், கோர்ட்டின் கட்டளைக்குப் பணியாதவனையும் பிடித்துவரும்படி நீதிபதி தம் ஆசனத்திலிருந்தே பிறப்பிக்கும் உத்தரவுதான் பெஞ்ச் வாரண்டு. மூலவழக்கு வண்டி விளக்கு எரியாத குற்றமாக இருக்கலாம். ஆனால் வாரண்டு பிறந்துவிட்டால், நிறைவேறும் வரையிலோ, கோர்ட்டே அதைத் திரும்பப் பெறும் வரையிலோ அது சாதாரணமாக உயிரோடிருக்கும்.

இந்த வலையில் சிக்குகிறவன் பெரும்பாலும் ஏழையே. அவன் ஊருக்குப் பஸ் கிடையாது. கோர்ட்டு இருக்கும் பட்டணமோ பல மைல் தூரம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. வீடு மாறியவனுக்குப் பழைய விலாசத்துக்குப் போன தாக்கீது கிடைப்பதில்லை. வாய்தா தவறுகிறது, வாரண்டு பிறக்கிறது. பல ராஜ்யங்களில் வண்டி ஓட்டும் லைசென்ஸும் அதோடு நிறுத்தப்படுகிறது. வண்டியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்டில், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாக இரண்டாவது வழக்கு வருகிறது. பிறகு அவன் கோர்ட்டுக் கட்டடத்தைக் கண்டாலே வேறு தெருவில் திரும்புகிறான். திருட்டுப் போனாலும் போலீஸிடம் சொல்லத் துணிவதில்லை.

இது எங்கோ சிலருக்கு நேரும் சங்கடமன்று. 2016-ம் வருஷம் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த யூட்டா ராஜ்ய வழக்கொன்றில், நீதிபதி சோனியா சோட்டோமேயர் தமது மாறுபட்ட தீர்ப்பில், சர்க்கார் பதிவுகளில் தீராத வாரண்டுகள் 78 லட்சத்துக்கு மேல் இருப்பதாகவும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு குற்றங்களைப் பற்றியவையாகத் தோன்றுவதாகவும் எடுத்துக் காட்டினார். அவ்வழக்கிலேயே, ஒருவனைப் போலீஸ்காரர் சட்டத்துக்கு மாறாக நிறுத்தினார். ஆயினும் சிறு போக்குவரத்துக் குற்றத்துக்கான பழைய வாரண்டு ஒன்று இருந்தமையால், பின்பு செய்த சோதனையில் கிடைத்த சாட்சியம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். தீராத வாரண்டு ஒருவனுடைய சுதந்தரத்தை எவ்வளவு மெலியச் செய்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ? நகரங்களும் இதற்கு விலக்கல்ல. சுமார் 21,000 ஜனங்கள் வசிக்கும் மிஸௌரியின் பெர்குஸன் நகரில், 2014 டிசம்பரில் 16,000-க்கு மேற்பட்டவர்கள்மீது அந்நகரக் கோர்ட்டின் வாரண்டுகள் நிலுவையில் இருந்ததாக, 2015-ல் அமெரிக்க நீதி இலாகா வெளியிட்ட அறிக்கை கூறிற்று.

தன்மீது வாரண்டு இருக்கிறதா என்று அறிவதே நாட்டுப்புறத்தானுக்கு ஒரு பெரும் வேலை. நாடு முழுமைக்கும் பொதுஜனங்கள் பார்க்கக்கூடிய ஒரே பதிவு கிடையாது. எப்.பி.ஐ. வைத்திருக்கும் குற்றத் தகவல் பதிவு போலீஸாருக்கு உரியது. எல்லா வாரண்டுகளும் அதில் ஏறுவதுமில்லை. ஆகையால் கோர்ட்டுக் குமாஸ்தாவைக் கேட்க வேண்டும். அல்லது ராஜ்யத்தின் வழக்குப் பதிவு இணையத்தில் இருந்தால் அதைத் தேட வேண்டும். சில ஷெரீப்புகள் பட்டியல் வெளியிடுகிறார்கள். கவுண்டிக் கோர்ட்டு வேறு, நகரக் கோர்ட்டு வேறு, அடுத்த கவுண்டி வேறு. நேரே ஷெரீப்பின் ஆபீஸுக்குப் போய் விசாரிப்பவன் அங்கேயே கைதாகலாம். வெள்ளிக்கிழமையாயின், திங்கட்கிழமை வரையில் சிறையில் கிடக்க நேரலாம். எனவே வக்கீல் மூலம் விசாரிப்பதே விவேகம். இந்த அச்சத்தை வியாபாரமாக்கும் மோசக்காரர்களும் உண்டு. ‘உம்மீது வாரண்டு இருக்கிறது, உடனே பணம் கட்டு’ என்று டெலிபோனில் மிரட்டிப் பறிக்கிறார்கள். டெலிபோனில் பரிசு அட்டை எண்களைக் கேட்டு வாங்கும் கோர்ட்டு உலகத்தில் இல்லை.

இருக்கிறது என்று தெரிந்த பின் தீர்ப்பதற்கு வழி உண்டு. வாரண்டைத் திரும்பப் பெறும்படி மனுச் செய்து, வராமைக்குக் காரணம் காட்டிப் புதிய வாய்தா கேட்கலாம். நம் நாட்டுக் கோர்ட்டுகளில் ‘வாரண்டு ரீகால்’ என்று வக்கீல்கள் சொல்வதும் இதைப் போன்றதே. சில இடங்களில் ஜாமீன் தொகையைக் கட்டி வெளிவரலாம். அபராத பாக்கியாயின் தவணை கேட்கலாம். ஆனால் வழி இருக்கிறதென்று ஏழைக்கு யார் சொல்கிறார்கள்?

அபராத பாக்கி விஷயத்தில் சட்டம் ஏழைக்கு விரோதமானதன்று. 1983-ம் வருஷத்திய பியர்டன் வழக்கை நோக்குக. ஜார்ஜியா ராஜ்யத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், 500 டாலர் அபராதமும் 250 டாலர் நஷ்ட ஈடும் கட்ட வேண்டியிருந்தது. பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டாலரைக் கட்டினார். பிறகு வேலை போயிற்று, பாக்கியைக் கட்ட முடியவில்லை, சிறைக்கு அனுப்பினார்கள். கட்டாமைக்குக் காரணம் என்னவென்று விசாரியாமலும், நேர்மையாக முயன்றும் முடியாதவனுக்கு வேறு தண்டனை போதுமா என்று ஆராயாமலும் சிறையிலிடுவது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த விசாரணை நடக்க வேண்டுமானால் ஏழை நீதிபதியின் முன் நிற்க வேண்டும். வாரண்டுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவன் எவ்வாறு நிற்பான்?

‘வராதவனைச் சும்மா விட்டால் கோர்ட்டுக்கு மதிப்பு ஏது? நஷ்டமடைந்தவனுக்கு நியாயம் ஏது?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. கொலையும் கொள்ளையும் செய்து மறைந்தவனுக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் ஜனங்களை வரவழைக்கப் பயமுறுத்தல் ஒன்றே வழியன்று. நெப்ராஸ்கா ராஜ்யத்தின் 14 கவுண்டிகளில், சிறு குற்ற வழக்குகளில் வாய்தாவை நினைவூட்டித் தபால் கார்டு அனுப்பிப் பார்த்தார்கள். கார்டு கிடைக்காதவர்களில் 100-க்கு 12.6 பேர் வரவில்லை. வராவிட்டால் நேரும் விளைவையும் எடுத்துச் சொன்ன கார்டைப் பெற்றவர்களில் வராதவர்கள் 100-க்கு 8.3 பேரே. ஷெரீப் செய்யும் வேலையில் ஒரு பங்கை ஒரு கார்டு செய்துவிடுகிறது! 2005-ல் கிளீவ்லண்டு நகரில், ஒரு மாதாகோவிலில் தற்காலிகமாகக் கோர்ட்டு ஏற்படுத்தி, தாமாக வந்து சரணடையலாம் என்று அறிவித்தார்கள். நான்கே நாட்களில் 800-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். இவர்கள் ஓடிப்போனவர்களா, அல்லது உள்ளே வரப் பத்திரமான ஒரு வாயிலுக்காகக் காத்திருந்தவர்களா?

நாட்டுப்புறக் கவுண்டிகள் செய்ய வேண்டியது பெருஞ்செலவுள்ள காரியமன்று. சிறு வழக்குகளுக்கு மாதத்தில் ஒரு நாளேனும் ஒதுக்கி, அன்று தாமாக வருபவனைக் கைது செய்வதில்லை என்று உறுதி கூற வேண்டும். சொன்ன சொல்லைக் காக்க வேண்டும். வாய்தாவுக்கு முன் நினைவூட்ட வேண்டும். வாரண்டு பிறப்பிக்குமுன், அவனுக்குத் தாக்கீது கிடைத்ததா, கையில் பணமிருந்ததா என்று கேட்க வேண்டும். சிறைத்தண்டனை விதிக்கும் வழக்கில் வக்கீல் வைக்க வகையற்றவனுக்கு வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1963-லும் 1972-லும் சுப்ரீம் கோர்ட்டு நிலைநாட்டிய உரிமை. அது நாட்டுப்புறத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும்.

கோர்ட்டின் மதிப்பு அதன் சிறைச்சாலையின் அளவைப் பொறுத்ததன்று. தவறு செய்த ஏழையும், ‘அங்கே போனால் என் வார்த்தையைக் கேட்பார்கள்’ என்று நம்பித் தானே நடந்து வருவானாகில், அதுவே கோர்ட்டின் மதிப்பு. அந்த நம்பிக்கையை உண்டாக்காமல் வாரண்டுகளை மட்டும் குவித்துக்கொண்டு போகும் கவுண்டி, தன் ஜனங்களையே தனக்கு அந்நியராக்கிக் கொள்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.