பழைய பஸ்ஸில் ஒரு வீடு

ஓடி ஓய்ந்த பஸ் ஒன்றை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பும் அமைத்து, விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றி வந்தால் என்ன? விடுதி வாடகை மிச்சம். பிடித்த இடத்தில் தங்கலாம். இந்த ஆசை இன்று பலருக்கு இருக்கிறது. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகமே பழைய பஸ்களைப் படுக்கை அறைகளாக மாற்றி, 2020ஆம் ஆண்டில் மூணாறு பணிமனையில் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டது. தொடக்கத்தில் ஒரு படுக்கைக்கு இரவு வாடகை 100 ரூபாய்தான்.

ஆனால் மூணாற்று பஸ்கள் நின்ற இடத்தில் நிற்பவை. நாம் பேசுவது ஓடும் வீட்டைப் பற்றி. வீடு என்பது அசையாதது. வண்டி என்பது அசைவது. இரண்டையும் ஒன்றாக்கும்போது தச்சு வேலையோடு இயற்பியலும் வேண்டியிருக்கிறது. அதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

எந்த பஸ்ஸை வாங்குவது?

பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் காலாவதியாகும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. போக்குவரத்துக் கழக பஸ்களும் இதில் அடங்கும். எனவே, கழித்துப்போட்ட அரசு பஸ்ஸை ஏலத்தில் எடுத்து ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். தனியார் பஸ்களையும், பள்ளி கல்லூரிகள் விற்கும் பஸ்களையுமே பார்க்க வேண்டும்.

வண்டியின் அமைப்பை நம் விருப்பப்படி மாற்றவும் முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகையால் ஆணி அடிப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுவது முதல் வேலை.

நம் மாவட்டத்துக்கு என்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. இரும்பின் மேல் படியும் ஈரத்தில் உப்பு கரைந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடித்தல் விரைவுபடும். வெளியே பெயிண்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸையும் தளத்தின் குறுக்குச் சட்டங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். துருவேறியது மந்தமாக ஒலித்துச் செதில் செதிலாக உதிரும்.

எடையை எங்கே வைப்பது?

ஐம்பது பேர் அமரும் பஸ், ஆளுக்கு 65 கிலோ என்று கொண்டால், 3,250 கிலோ மனித எடையைச் சுமந்து ஓடியது. கட்டில், அலமாரி, 200 லிட்டர் தண்ணீர், பேட்டரிகள், சமையல் சாமான், ஐந்து பேர் கொண்ட குடும்பம் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதியைத் தாண்டுவது அரிது. ஆகவே எடை எவ்வளவு என்பதைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

வண்டியின் எடை 9,000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டியும் மூட்டை முடிச்சுகளுமாக 500 கிலோவைக் கூரை மேல், 3.2 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் ஈர்ப்பு மையம் 1.3 மீட்டருக்கு உயரும். அதே 500 கிலோவைத் தளத்துக்குக் கீழே, 0.6 மீட்டர் உயரத்தில் வைத்தால் 1.17 மீட்டராகத் தாழும்.

இதனால் என்ன? வளைவில் திரும்பும்போது வண்டியை வெளிப்புறமாகக் கவிழ்க்கப் பார்க்கும் விளைவு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஈர்ப்பு மையம் உயர உயர, வண்டி கவிழ்வதற்குத் தேவையான வேகம் குறைகிறது. வலப்புற, இடப்புறச் சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் என்று கொண்டு, 40 மீட்டர் ஆரமுள்ள மலைப்பாதை வளைவுக்குக் கணக்கிட்டால், பாரம் கீழே இருக்கையில் கவிழும் வேகம் மணிக்கு சுமார் 66 கிலோமீட்டர். கூரையில் இருக்கையில் 62 கிலோமீட்டர். வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் இது வண்டியை ஒரு கல்லைப்போல் கருதிய கணக்கு. உண்மையில் ஸ்பிரிங்குகள் சாய்கின்றன, டயர்கள் நசுங்குகின்றன; பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் வெளிப்பக்கமாகச் சரிந்து சாய்வை மேலும் கூட்டுகிறது. உண்மையான எல்லை இதைவிட மிகக் கீழே இருக்கும். எனவே தொட்டியைக் கீழே, இரு அச்சுகளுக்கும் இடையில் பொருத்துங்கள். அலை அடங்குவதற்காக உள்ளே துளையிட்ட குறுக்குத் தடுப்புகள் வையுங்கள். வளைவில் வேகத்தைப் பாதியாக்கினால் கவிழ்க்கும் விளைவு கால்பங்காகிவிடும் என்பதையும் ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் பக்கக் காற்றையும் மறக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே குவிந்து வரும் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று, 27 சதுர மீட்டர் பரப்புள்ள பஸ்ஸின் பக்கத்தில் மோதினால் ஏறக்குறைய 370 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அது வண்டியைக் கவிழ்க்காது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அதை உணர்வார்.

வெயிலும் மின்சாரமும்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. பஸ் கூரையின் பரப்பு 19 சதுர மீட்டர் என்றால் மொத்தம் 19 கிலோவாட்! கூரைக்கு வெள்ளை அடித்தால் இதில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் குளிர்ச்சி இதுவே. உட்புறத்தில் வெப்பக் காப்பும் வேண்டும். தெர்மோகோல், இரும்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் குறைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனால் அது தீப்பற்றும்; நச்சுப் புகையும் விடும். தீப்பிடிக்காத பாறைக் கம்பளி சற்று விலை கூடினாலும் நல்லது.

அடுத்து மின்சாரம். சிக்கன மின்விசிறிகள் இரண்டு இரவு முழுதும் ஓட 480 வாட்-மணி. விளக்குகளுக்கும் கைப்பேசிகளுக்கும் 170. சிறிய குளிர்பெட்டிக்கு 500. ஆக மொத்தம் 1,150 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருந்தாலும், அதன் ஆயுளைக் காக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே இரண்டு தேவை. கூரையில் 400 வாட் சூரியத் தகடுகள் இருந்தால் நல்ல வெயில் நாளில் 1,500 வாட்-மணி கிடைக்கும், கணக்கு சரியாகிவிடும். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை இதில் சேர்க்காதீர்கள். காலையில் வண்டி கிளம்ப வேண்டுமல்லவா? ஏ.சி. வைத்தாலோ, ஓர் இரவுக்கே 8 யூனிட் ஆகலாம். அதற்கு ஜெனரேட்டர் வேண்டும். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

உயிரைக் கேட்கும் இரண்டு வாயுக்கள்

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் ஆராய்ந்தபோது, ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தது தெரிய வந்தது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும்; உடலுக்கு ஆக்சிஜன் போய்ச்சேராது. தூங்குபவர் விழிப்பதே இல்லை. எனவே ஜெனரேட்டரோ, எஞ்சினோ, கரி அடுப்போ எரிய, அதன் அருகே மூடிய வண்டிக்குள் யாரும் உறங்கலாகாது. கார்பன் மோனாக்சைடை உணர்ந்து அலறும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது, சமையல் வாயு. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தில் தனியே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் அவர்கள். முந்திய நாள் நம் நாகர்கோவிலிலிருந்துதான் அந்தப் பெட்டி புறப்பட்டது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த சிலிண்டரே தீக்குக் காரணமாயிற்று. ரயில் பெட்டிக்கும் நம் பஸ்ஸுக்கும் வடிவத்தில் என்ன வேறுபாடு? இரண்டும் நீண்ட, குறுகிய கூடுகள்.

சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப்போல் தளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே மேலே உள்ள ஜன்னலைத் திறந்தது போதும் என்று எண்ணாதீர்கள். சிலிண்டரை, வெளியே மட்டும் திறக்கும் தனிப் பெட்டியில், அடியில் துளையிட்டு வைக்க வேண்டும். ஓடும்போதும் உறங்கும்போதும் வால்வை மூடுங்கள். அதைவிட நல்லது, வண்டியை நிறுத்தி, வெளியே மர நிழலில் சமைப்பது. பஸ்ஸின் அவசர வழியை அலமாரி வைத்து அடைத்துவிடாதீர்கள். தலைமாட்டில் ஒரு வழி, கால்மாட்டில் ஒரு வழி என்று எப்போதும் இரண்டு இருக்கட்டும். வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுக்கவும் கூடாது. பிரேக் பிடிக்கையில் வண்டி நிற்கும். நிலைமத்தால் உடல் நிற்காது.

செலவு குறையுமா?

பெரிய பஸ் ஒரு லிட்டர் டீசலுக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடும். நாகர்கோவிலிலிருந்து சென்னை போய்வர 1,400 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 310 லிட்டர். லிட்டருக்கு 90 ரூபாய் என்றாலே 28,000 ரூபாய் ஆகிவிடும். ஐந்து பேர் ரயிலில் போய் விடுதியில் தங்கினாலும் இதைவிடக் குறைவாக முடிக்கலாம். ஓடும் தூரம் செலவைக் கூட்டுகிறது. தங்கும் நாள் செலவைக் குறைக்கிறது. எனவே சிறிய பஸ்ஸாகத் தேர்ந்தெடுத்து, அருகே சென்று, அதிக நாள் தங்குபவருக்கே இது கட்டுப்படியாகும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நெடும்பயணம் போகிறவர் வண்டியை வாடகைக்கு எடுப்பதே மேல்.

வாங்குவது என்று முடிவு செய்தால், முதலில் ஒரு தாளை எடுத்து மூன்று பட்டியல் போடுங்கள்: எந்தப் பொருள் எத்தனை கிலோ, எத்தனை உயரத்தில், எந்தக் கருவி எத்தனை வாட், எத்தனை மணி நேரம், புகையும் வாயுவும் எங்கே பிறந்து எந்த வழியாக வெளியேறும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அவரிடமே இந்தக் கணக்கைக் கொடுக்கலாம். மூன்று பட்டியலும் சரியாக வந்த பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள்.