ஆலை திறந்த பின்னும் திறக்காத பள்ளி

பிள்ளை வளர்ப்பின் ஓயாத சுமையால் உடலும் உள்ளமும் வற்றி, பிள்ளை அருகில் வந்து அழைத்தாலும் மனம் அசையாத நிலைக்கு ஒருவர் வந்துவிடுவதை உளவியலாளர்கள் ‘பெற்றோர் எரிசோர்வு’ என்கின்றனர். மனச்சோர்வு வாழ்க்கை முழுவதன்மேலும் கவியக்கூடியது. எரிசோர்வோ பெற்றோர் என்ற பொறுப்பைச் சுற்றியே நிற்பது. இதை அளவிடும் கருவியை வகுத்த பெல்ஜிய ஆய்வாளர்கள் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகியோர், சுமை மிகுந்து துணை குறைந்த நிலை நெடுநாள் நீடிப்பதே இதன் காரணம் என்கின்றனர்.

42 நாடுகளில் 17,409 பெற்றோரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான அவர்களது ஆய்வில், தனிமனிதப் போக்கு மேலோங்கிய மேலைநாடுகளிலேயே இச்சோர்வு மிகுந்து காணப்பட்டது. பாட்டியும் அத்தையும் பக்கத்து வீட்டாரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், தமிழ்நாட்டின் காலணித் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில், 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய கொரோனா பொதுமுடக்கம் அறுத்தது இந்தத் துணையைத்தான்.

இங்குள்ள ஷூ கம்பெனித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலணியின் மேற்பகுதியான ‘அப்பரை’ வீட்டுத் திண்ணையில் ஊசியும் நூலும் கொண்டு தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரும் உண்டு. வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றதும் கூலியும் நின்றது. அவ்வாண்டு மே மாதம் முதல் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. ஆனால் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடையில் பள்ளிச் சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் கிடைத்தன என்றாலும், அவற்றைச் சமைத்துப் போடுவதும், கல்வித் தொலைக்காட்சியின் முன் பிள்ளையை உட்காரவைப்பதும், வீட்டிலிருந்த ஒரே செல்போனுக்கு நடக்கும் சண்டையைத் தீர்ப்பதும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுந்தன.

இச்சோர்வு தாம்பத்தியத்துக்குள் நுழையும் வழிகளில் ஒன்று நம்பிக்கையிழப்பு. நாளைக்கேனும் நிலைமை மாறும் என்ற எதிர்பார்ப்பே அற்றுப்போகும் இந்நிலையை அளக்க, அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1974இல் 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எதிர்பார்ப்பு அற்றவர் உதவி கேட்பதையும் நிறுத்திவிடுகிறார். வேலையிழந்து வீட்டில் இருக்கும் கணவருக்கோ அந்த மௌனமே குற்றச்சாட்டாகத் தோன்றக்கூடும்.

வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை வளர்த்த இடம். சோர்ந்துபோன தாய்க்குப் பொறுமையை மட்டும் போதிப்பதைவிட, ஷிப்ட் முடியும்வரை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கணவரையும் மாமியாரையும் உடன் வைத்துப் பேசுவது அந்த மரபுக்கு நெருக்கமானது.