பல் எக்ஸ்ரே பார்த்து வயதைச் சொல்ல முடியுமா? கோர்ட் எதை ஏற்கும்? முழு விவரம்!

புவனகிரி பக்கம் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்வோம். 1098-க்கு யாரோ போன் போட, அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். "பொண்ணுக்கு 18 முடிஞ்சிருச்சு" என்கிறார்கள் வீட்டார். கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. இப்போது வயதை எப்படி முடிவு செய்வார்கள்?

சட்டம் சொல்லும் வரிசை

2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவுப்படி, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது 10-ம் வகுப்புச் சான்றிதழ்தான் முதலில். அது இல்லையென்றால் பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு, பல் போன்ற மருத்துவப் பரிசோதனை. குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டால் 15 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும்.

பல்லில் என்ன பார்ப்பார்கள்?

முகத்தைச் சுற்றி மெஷின் ஒரு சுற்று வரும். சில நொடிகளில் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் விழுந்துவிடும். இதுதான் 'ஓபிஜி' எக்ஸ்ரே. சிதம்பரத்தில் உள்ளது போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் இது வழக்கமாக எடுக்கும் படம்தான்.

எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதைவிட, வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அதன் நுனி மூடிவிட்டதா என்பதே முக்கியம். கனடாவில் டெமிர்ஜியன் குழு 1973-ல் வெளியிட்ட முறையில், இடது கீழ்த்தாடையின் 7 பற்களை 'ஏ' முதல் 'எச்' வரை 8 நிலைகளாகப் பிரித்து வயதைக் கணிக்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

சுமார் 16 வயதில் இந்த 7 பற்களின் வளர்ச்சியும் முடிந்துவிடும். 18-ஐ ஒட்டி வளர்ந்துகொண்டிருப்பது ஞானப்பல் மட்டும்தான். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு உருவாகவே உருவாகாது. அதனால் டாக்டர் துல்லியமான பிறந்த தேதியைச் சொல்ல முடியாது. '17 முதல் 19 வரை' என்பதுபோல்தான் சொல்வார். எக்ஸ்ரே கணிப்பில் 2 ஆண்டு முன்பின் ஆகலாம் என 1982-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 18-ஐ ஒட்டிய வழக்கில் இந்த 2 ஆண்டுதான் எல்லாமே.

டி.சி. போதாதா?

போதாது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு போக்சோ வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழ் 94-வது பிரிவு சொல்லும் ஆவணம் அல்ல என 2023 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மருத்துவப் பரிசோதனையோ பெண்ணுக்கு 18-க்கு மேல் எனக் காட்டியது. தண்டிக்கப்பட்டவர் விடுவிக்கப்பட்டார்.

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. அந்த ஒரு பேப்பர் பத்திரமாக இருந்தால், பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கும் நிலையே வராது.