கடைக்குப் போறீங்களா? இதையும் தெரிஞ்சுகொண்டு போங்கோ

வந்து சில கிழமைதான் ஆகியிருக்கும். கையில் இருக்கிற காசும் கொஞ்சம். ஒவ்வொரு விலையையும் ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பலர். ரூபாய்க் கணக்கை விடுங்கோ. கிழமைக்குச் சாப்பாட்டுக்கு இவ்வளவு டொலர் என்று ஒதுக்கி, சாமான்களை எழுதிக்கொண்டு போங்கோ.

எங்கே வாங்குவது?

பென்டில் ஹில்லிலும் அடுத்த ரயில் நிலையமான வென்ட்வேத்வில்லிலும் எங்கட பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், தூள் வகைகளை அங்கே பாருங்கோ. பால், பாண், முட்டை, சவர்க்காரம் போன்றவற்றை கோல்ஸ், வூல்வேர்த்ஸ், அல்டி விலைகளோடு ஒப்பிட்டு வாங்குங்கோ. அந்தக் கடைகளின் சொந்தப் பெயரில் வரும் சாமான்கள் பெரும்பாலும் மலிவு.

சின்ன எழுத்தில் உள்ள விலை

பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் விலைத்துண்டின் ஓரத்தில் ஒரு கிலோ அல்லது 100 கிராம் என்ன விலை என்று சின்னதாகப் போட்டிருக்கும். 2009 டிசம்பரிலிருந்து இது கட்டாயம். பெரிய பைக்கற் எப்போதும் மலிவல்ல. உதாரணமாக, அரைக் கிலோ பருப்பு 1.50 டொலர், ஒரு கிலோ 3.40 டொலர் என்றால், இரண்டு சின்னப் பைக்கற் வாங்குவதே லாபம். சின்னக் கடைகளில் இந்த விபரம் இராது, நீங்களே கணக்குப் பாருங்கோ.

திகதி

'யூஸ் பை' திகதி முடிந்த உணவை விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. 'பெஸ்ட் பிபோர்' என்றால் அதுவரை தரம் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அந்தத் திகதி கடந்தாலும் பழுதாகாமல் இருந்தால் விற்கலாம், மலிவாகவும் கிடைக்கும்.

காசு கொடுக்கும்போது

1 சதம், 2 சதக் குற்றிகள் 1992இலிருந்து புழக்கத்தில் இல்லை. அதனால் காசாகக் கொடுத்தால் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சதத்துக்கு மாற்றுவார்கள். உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கோ. வீட்டில் திறந்து பார்க்க சாமான் பழுது என்றால், பற்றுச்சீட்டோடு திருப்பிக் கொண்டுபோய்க் காசைக் கேட்கலாம். 'காசு திருப்பித் தரப்படமாட்டாது' என்று பலகை போட்டிருந்தாலும் பழுதான சாமானுக்கு உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

பையைக் காட்டச் சொன்னால்

வாசலில் அறிவித்தல் போட்டிருக்கும் கடைகளில் வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டும்படி கேட்கலாம். எல்லாரிடமும் கேட்பதுதான், பதறாமல் நீங்களே திறந்து காட்டுங்கோ. உங்கள் அனுமதி இல்லாமல் அவர்கள் பைக்குள் கை வைக்கக்கூடாது. காசு கட்டமுதல் எதையும் உடைத்துச் சாப்பிடவோ சொந்தப் பைக்குள் வைக்கவோ வேண்டாம். சாமான் வாங்க விசா காட்டத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. காசு முடிஞ்சுபோச்சு என்று வெட்கத்தில் பட்டினி கிடக்காதேங்கோ. நியூடவுனில் இருக்கும் அசைலம் சீக்கர்ஸ் சென்ரர் தஞ்சம் கோரியவர்களுக்கு உணவுப் பொருட்கள் கொடுத்து உதவுகிறது. எப்படிப் போவது என்று தெரியாவிட்டால் எங்களிடம் கேளுங்கோ.