ஜமாஅத்தும் கோர்ட்டும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியின் நடுவே இருக்கிறது நரிக்குடி. கண்மாய் நிரம்பினால் நெல். நிரம்பாவிட்டால் சீமைக் கருவேலங் கரிமூட்டம். இத்தகைய சீமையில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் கணவனோடு வாழ இயலாத நிலை நேருமாயின் அவள் எங்கே போவாள்? ஜமாஅத்தோ கூப்பிடு தூரத்தில். ஜில்லாவின் தலைமைக் கோர்ட்டோ மேற்குக் கோடியில், ஸ்ரீவில்லிபுத்தூரில்.

பெண் தானே கோரிப் பெறும் விவாக விடுதலைக்குக் 'குலா' என்று பெயர். தனிப்பட்ட ஷரீஅத் சபைகள் அளிக்கும் குலாச் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று 2023-ம் ஆண்டில் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் பஸ் செலவுக்கும் வழியற்ற பெண்ணுக்கு அது எவ்வளவு தூரம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டுமன்றோ?

மார்க்க விஷயத்தில் சர்க்கார் தலையிடுவது புதிது என்று நினைப்பவர்கள் 1939-ம் வருஷத்தை நினைவுகூர வேண்டும். ஹனஃபி முறைப்படி, கணவன் காணாமற் போனால் மனைவி ஏறக்குறைய ஆயுள் முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. வேறு வழி காணாத பஞ்சாப் ஸ்திரீகள் சிலர், விவாகத்திலிருந்து விடுபடுவதற்காகவே மதத்தைத் துறந்தனர். இதைக் கண்டு மனம் பதைத்தவர்கள் உலமாக்களே. மாலிக்கி முறையின் சலுகைகளைக் கைக்கொள்ளலாம் என்று மௌலானா அஷ்ரஃப் அலி தானவி நூல் எழுதி வழிகாட்டினார். மத்தியச் சட்டசபையில் காஸ்மி கொணர்ந்த மசோதா சட்டமாயிற்று. கணவன் நான்கு வருஷம் தகவலின்றிப் போனாலும், இரண்டு வருஷம் ஜீவனாம்சம் தராவிட்டாலும், ஏழு வருஷச் சிறைத் தண்டனை பெற்றாலும் மனைவி கோர்ட்டில் விடுதலை கேட்கலாம். அச்சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதை அறிந்த பெண்கள்தாம் அரிது!

ஆண் சொல்லும் தலாக்கின் கதை வேறு. ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் வழக்கத்தை 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், செல்லாதெனத் தள்ளியது. 2019-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு மூன்று வருஷம் வரை சிறை விதித்தது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனப்படி கேட்கும் பாத்தியதையும் தந்தது. சிறைக்குள் இருப்பவன் படியை எங்கிருந்து அனுப்புவான் என்ற கேள்விக்கு நமக்கு இதுவரை திருப்தியான விடை கிடைக்கவில்லை.

சட்டத்துக்கு முன்பே பெண்களின் மனம் மாறத் தொடங்கிவிட்டது. தங்கள் வாழ்க்கையை ஆண்கள் மட்டும் கூடி முடிவு செய்வதேன் என்று கேட்டு, புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைக் கூட்டினார். அங்கே பெண்களே வழக்கைக் கேட்டனர். கணவன்மாரைக் கூப்பிட்டு விசாரித்தனர். தீபா தன்ராஜ் 2011-ல் எடுத்த ஆவணப் படத்தில் அக்காட்சிகளைக் காணலாம். முன்பு அந்தரங்கமென்று வாய்திறவாதிருந்த சங்கதிகளை, பர்தாவணிந்த பாமரப் பெண்கள் கூசாமல் எடுத்துரைக்கிறார்கள்.

நம் நேயர்களின் அண்டையில் இத்தகைய இக்கட்டில் யாரேனும் இருப்பின், ஒன்றைச் சொல்லி உதவலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்ணுக்கு வக்கீல் உதவி இலவசம். விண்ணப்பத்தைத் தாலுகாவின் சட்டப் பணிகள் குழுவிடம் கொடுக்கலாம். நிக்காஹ்வைத் தமிழ்நாட்டின் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருந்தால், விவாகம் நடந்ததா என்ற வீண் வழக்கும் மிச்சம்.