கடனீர்த் தொட்டியும் கண்காணா உயிர்களும்

முருகைகளும் மீன்களும் வாழும் கடனீர்த் தொட்டியொன்றைப் பெரிதாக்க முயல்வோர், பழைய நீரைப் பேணினாற் போதுமெனக் கருதுவதுண்டு. இக்கருத்தை நாம் ஈண்டு ஆராய்வோம்.

மீன்கள் கழிக்கும் அமோனியா நஞ்சாகும். அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுவன பற்றீரியங்களே. இவை நீரில் மிதப்பதிலும் பார்க்கக் கற்களின் மேற்பரப்பிலும் துளைகளிலுமே பெரிதும் உறைகின்றன. யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் வெளியிட்ட வளர்ப்பு முறையும் கடலினின்று எடுத்த உயிருள்ள கற்களையே ஆதாரமாகக் கொண்டது. எனவே, பேணப்படவேண்டிய முதற்பொருள் நீரன்று, கல்லேயாகும்.

புதிய கடனீரை ஒரு நாள் முன்னரே கலக்கி, உவர்த்தன்மையிலும் வெப்பநிலையிலும் பழைய நீருக்கு ஒப்பாக்கல் வேண்டும். இயற்கைக் கடனீரின் உவர்த்தன்மை ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்காகும். கற்களைப் பழைய நீரில் அமிழ்த்தியே கொண்டுசெல்லல் வேண்டும். உலர்ந்தால் அவற்றிலுள்ள சிற்றுயிர்கள் மடிந்தழுகி அமோனியாவைப் பெருக்கும். கற்களை அகற்றியபின் மீன்களைப் பிடித்தல் எளிது. பழைய மணலின் ஆழத்தே, ஒட்சிசனற்ற படையில், ஐதரசன் சல்பைட்டு தேங்கியிருக்கக்கூடும். அதனைக் கிளறிப் புதிய தொட்டியில் இடுதல் கேடு பயக்கும்.

புதிய விளக்கு ஒளி மிக்கதாயின், முருகைகளை முதலில் தாழ்வாக வைத்துப் படிப்படியாக உயர்த்தல் நன்று. திடீரொளியால் அவற்றின் இழையங்களில் வாழும் அல்காக்கள் நீங்கின், முருகைகள் வெளிறும்.

தொட்டி பெருத்த அன்றே பற்றீரியங்கள் பெருகிவிடுவதில்லை. ஆதலின், அமோனியாவைச் சில வாரங்கள் அளந்தறிந்த பின்னரே புதிய மீன்களைச் சேர்த்தல் தகுமென்பது எம் துணிபு.