ஆறு வீட்டுக் கட்டடம்: வாடகை எங்கிருந்து வருகிறது?

பெரம்பலூர் துறைமங்கலத்திலோ அரியலூர் ரயில் நிலையம் பக்கமோ விலைக்கு வரும் சின்ன அடுக்குமாடிக் கட்டடங்களை நேரில் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு மனப்பாடம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு, அதற்கும் மேலே இரண்டு. நடுவில் ஒரே படிக்கட்டு, வாசலோரம் ஒரு போர். லிஃப்ட் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியரும், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்துச் சேர்த்தவரும் ஆசைப்படும் சொத்து இது. மாதம் பிறந்தால் ஆறு வீட்டு வாடகை கைக்கு வரும் என்ற கணக்கு ஈர்க்காமல் இருக்காது.

அந்த ஆறு வாடகையும் யாருடைய சம்பளத்திலிருந்து வரும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் பெரம்பலூர். மொத்தம் 5,65,223 பேர். ரயில் பாதையும் இல்லை. ஆனாலும் வாடகைக்கு ஆள் வருகிறது. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது வந்த அரசு அலுவலகங்கள், சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, நாரணமங்கலத்து எம்.ஆர்.எஃப். ஆலை, தனியார் கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகியவை அதற்குக் காரணம். அரியலூரின் சங்கதி வேறு. அங்கே ஊரைத் தாங்குவது சுண்ணாம்புக்கல். 1979-ல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலையோடு ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு ஆலைகளும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மாற்றலாகி வரும் குமாஸ்தா, ஆலைப் பொறியாளர், செவிலியர் எல்லாம் வெளியூர்க்காரர்கள். வாடகை வீடு தேடுவது அவர்கள்தான்.

புரோக்கர் சொல்லும் கதையோ பெரும்பாலும் வரப்போகும் ஆலையைப் பற்றியது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்கென்று 1990-களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. அதை நம்பிக் கட்டடம் போட்டவர் ஒரு தலைமுறை காத்திருந்திருப்பார். இன்று அதே வட்டாரத்தில் காலணித் தொழில் வருகிறது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023 நவம்பரிலேயே காலணி உற்பத்தி தொடங்கிவிட்டது. இவை நல்ல செய்திகள், மாவட்டத்துக்கு அவசியமானவையும்கூட. ஆனால் சுற்றுக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிற பெண்ணுக்கு டவுனில் வாடகை வீடு தேவைப்படாது. வேலை எண்ணிக்கையை அப்படியே வாடகைதாரர் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கட்டட விலை 1.2 கோடி, வீட்டுக்கு 7,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் மாதம் 42,000, வருடத்துக்கு 5.04 லட்சம். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாம் கழித்தால் 4.2 லட்சம் மிஞ்சலாம். அது போட்ட பணத்துக்கு மூன்றரை சதவீதம். இதற்கு 70 லட்சம் கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 63,000 ரூபாய். வாடகை முழுவதையும் கொடுத்தாலும் பற்றாது. முழுக் கட்டடத்தைக் கிரயம் செய்ய முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 1.2 கோடிக்கு அதுவே 10.8 லட்சம். 50 லட்சமும் அதற்கு மேலும் விலை உள்ள சொத்துக்கு, விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு.

கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொரு பெரிய தொகை லீசு. நம் ஊர்களில் மாத வாடகை வேண்டாம் என்று மூன்று, நான்கு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டை விடுவது சகஜம். காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆறில் மூன்று வீடு லீசில் இருந்தால் அங்கே வாடகையே இல்லை. ஒன்பது லட்சத்துக்குக் குறையாத கடன்தான் இருக்கிறது. பதிவாகாத லீசு வில்லங்கச் சான்றில் தெரியாது. பழைய ஓனர் பணத்தோடு போன பிறகு, குடியிருப்பவர் புதிய ஓனர் முன்னால்தான் வந்து நிற்பார். ஆகவே கிரயத்துக்கு முன் ஒவ்வொரு கதவையும் தட்டி, லீசா வாடகையா, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிப்பதே முறை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிலும் பதிய வேண்டும். தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

புதிதாகக் கட்டித் தனித்தனியாக விற்கும் வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ திட்டத்தைப் பதிய வேண்டியதில்லை. சின்னக் கட்டடம் வாங்குபவருக்கு அந்தப் பதிவு தரும் பாதுகாப்பு கிடைக்காமல் போகிறது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் வக்கீலிடம் கொடுத்துப் பார்ப்பது மட்டுமே துணை. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லா மனையென்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு அனுமதி வாங்கி ஆறு வீடு கட்டியிருந்தால் வங்கி கை விரித்துவிடும்.

பத்திரத்தில் தெரியாத ஒன்று மண்ணில் இருக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இரு மாவட்டத்துக் கரிசல் மண், மழையில் ஊறி உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் கட்டடமும் அதோடு ஏறி இறங்கும். செம்மண்ணுக்குப் போடுவதுபோல நாலடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டிருந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். மழைக்காலத்தில் கதவு நிலையில் பிடிக்கும். இந்த மண்ணுக்கென்று ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பைல் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஈரம் மாறாத ஆழம்வரை, சுமார் மூன்றரை மீட்டருக்குத் துளையிட்டு, அடியில் குடம்போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். வாங்கப்போகும் கட்டடத்தில் என்ன அஸ்திவாரம் என்று கட்டிய மேஸ்திரியிடமே கேட்கலாம். புது வெள்ளை அடித்த சுவரில் விரிசல் தெரியாது என்பதால், அவசரப்படாமல் ஐப்பசி மழையில் ஒரு தடவையும் சித்திரை வெயிலில் ஒரு தடவையும் பார்த்துவிட்டு, கட்டுமானப் பொறியாளர் ஒருவரையும் உடன் அழைத்துப்போய், அதன் பிறகு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.